உயிரணுவுக்குள் கொழுப்பு எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஹார்மோன்களைப் பற்றி எழுதியபோது, ‘உயிரணுவுக்குள் செய்தி கொண்டுபோகும் வேலையைச் சில கொழுப்பு மூலக்கூறுகளும் செய்கின்றன’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் கென்ட் ரிஜ் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கி அறையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அங்கே நான் பார்த்துக்கொண்டிருந்தவை இந்த மூலக்கூறுகள். அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். ஹார்மோன் வந்து ஏற்பியைத் தொட்டதும் ஐபி-3, டேக் என்று இரண்டு தூதுவர்கள் உருவாவதாகப் பாடத்தில் வருகிறது. உருவாவதற்கு முன்னால் அவை எங்கே இருந்தன? உயிரணுவின் திரவத்தில் மிதந்துகொண்டிருந்தனவா? தேர்வுக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். – மாணவி, செங்காங்

தேர்வுக்குத் தேவையில்லை என்று தெரிந்தும் கேட்டாய் பார், அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், தங்கச்சி.

மிதக்கவில்லை. உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வின் உட்பக்க அடுக்கில், அவை இரண்டும் ஒரே மூலக்கூறாகச் சேர்ந்து இருந்தன. அதன் முழுப்பெயர் பாஸ்பாட்டிடைலினோசிட்டால் பிஸ்பாஸ்பேட். ஆய்வுக்கூடத்தில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, ‘பிப்-டூ’ என்போம். நானும் பிப்-2 என்றே எழுதுகிறேன்.

சவ்வின் தடிப்பு மொத்தமே ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான். அதில் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்திருக்கும், வால்கள் நடுவில் ஒளிந்திருக்கும். பிப்-2க்கு வால் என்பது இரண்டு கொழுப்பு அமிலங்கள். தலை என்பது இனோசிட்டால் என்ற வளையமும் அதில் ஒட்டிய பாஸ்பேட்டுகளும். வெளியே ஹார்மோன், செய்தியை வாங்கும் புரதமான ஏற்பியைத் தொட்டதும், பாஸ்போலிப்பேஸ்-சி என்ற நொதி வந்து தலையை வாலிலிருந்து வெட்டிவிடுகிறது. வெட்டப்பட்ட தலைதான் உன் பாடத்தில் வரும் ஐபி-3. அது தண்ணீரில் கரையும். ஆகவே சவ்வை விட்டு உள்ளே போய், உயிரணுவுக்குள் சவ்வுகளின் வலைப்பின்னலாக இருக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் தன் ஏற்பியைப் பிடித்து, அங்கே சேர்த்து வைத்திருக்கும் கால்சியத்தை வெளியே விடச்செய்கிறது. மிஞ்சிய வால்பகுதிதான் டேக். அது தண்ணீரில் கரையாது. சவ்விலேயே இருந்துகொண்டு, புரத கைனேஸ்-சி என்ற நொதியைத் தன்னிடம் இழுத்து வேலை செய்யவைக்கிறது. ஒரே மூலக்கூறை வெட்டியதில் ஒரு செய்தி உள்ளே போகிறது, ஒரு செய்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த அழகைச் சொல்லாமல் இரண்டு பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இது சுலபமாகத் தெரிந்துவிடவில்லை. 1953ல் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் தம்பதியர் புறாவின் கணையத் துண்டுகளை எடுத்து, கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்து, அசிட்டைல்கோலின் சேர்த்துப் பார்த்தார்கள். நொதிகளைச் சுரக்கத் தூண்டப்பட்ட கணையத்தில் அந்தப் பாஸ்பரஸ் சவ்வுக் கொழுப்பில் போய் அதிகமாக ஏறியிருந்தது. சும்மா சுவராக நிற்கிறது என்று எல்லாரும் எண்ணியிருந்த கொழுப்பு ஏன் இப்படி மாறிக்கொண்டேயிருக்க வேண்டும்? பதில் முழுமையாக வர 30 ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் நிஷிசுகாவின் குழு 1970களின் இறுதியில் புரத கைனேஸ்-சியையும் அதை டேக் தூண்டுவதையும் கண்டது. 1983ல் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷுல்ஸ் நால்வரும் ஐபி-3 கால்சியத்தை வெளியே கொண்டுவருவதைக் காட்டினார்கள். அதற்கும் கணைய உயிரணுக்களைத்தான் பயன்படுத்தினார்கள்.

இனி, நீ கேட்காததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. இனோசிட்டால் வளையத்தில் 3, 4, 5 என்ற மூன்று இடங்களில் பாஸ்பேட் ஏறலாம். எது எதில் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்து 7 வகைகள். ஒவ்வொரு வகையும் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சவ்வில்தான் இருக்கும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரிதான் இருக்கும், பக்கச்சுவரில் எழுதிய புளோக் எண்ணைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிப்போம், இல்லையா? புரதங்களும் அப்படித்தான் இந்தப் பாஸ்பேட் எண்ணைப் பார்த்து, எந்தச் சவ்வில் இறங்குவது என்று தெரிந்துகொள்கின்றன.

வெளிச்சவ்வில், 4, 5 ஆகிய இடங்களில் பாஸ்பேட் உள்ள பிப்-2. அங்கே உள்ள கொழுப்பில் அது ஏறத்தாழ 1 விழுக்காடுதான். புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கியில் 4ஆம் இடத்தில் மட்டும் பாஸ்பேட் உள்ள வகை. அது வெளிச்சவ்விலும் உண்டு. வெளியிலிருந்து உயிரணு உள்வாங்கிய பொருள் முதலில் போய்ச் சேரும் எண்டோசோமில் 3ஆம் இடத்தில் மட்டும் பாஸ்பேட் உள்ள வகை. எண்டோசோம் முதிர்ந்து, பொருள்களைக் கரைக்கும் பையான லைசோசோமை நெருங்கும்போது 5ஆம் இடத்திலும் ஒரு பாஸ்பேட் ஏறுகிறது. இவை எல்லாவற்றுக்கும் மூலமான, பாஸ்பேட் ஏறாத இனோசிட்டால் கொழுப்பு எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் தயாராகிறது.

இந்த எண்ணை யாராவது அழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காசநோய்க் கிருமியைவிட நல்ல சான்று கிடையாது. நம் நோயெதிர்ப்பு உயிரணு அதை விழுங்கி, ஒரு சவ்வுப் பைக்குள் அடைத்து, லைசோசோமுடன் சேர்த்துக் கரைக்கப் பார்க்கும். அந்தப் பை லைசோசோமுடன் சேர வேண்டுமானால் அதன் மேல் 3ஆம் இடப் பாஸ்பேட் வகை இருக்க வேண்டும். கிருமி ‘சாப்-எம்’ என்ற நொதியைச் சுரந்து அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. பை அடையாளம் இழந்து நின்றுவிடுகிறது, கிருமி உள்ளேயே பிழைத்துக்கிடக்கிறது. ஒரே ஒரு பாஸ்பேட்!

இன்சுலின் செய்வதும் இதே வகை வேலைதான். இன்சுலின் வந்து தொட்டதும் வெளிச்சவ்வில் இருக்கும் பிப்-2மேல் 3ஆம் இடத்திலும் ஒரு பாஸ்பேட் ஏறி, அது பிப்-3 ஆகிறது. பேசாமல் இருக்கும் உயிரணுவில் பிப்-3ஐத் தேடினால் கிடைப்பதே அரிது. தூண்டிய சில நிமிடங்களில் வந்து, வேலை முடிந்ததும் போய்விடும். அது இருக்கும் நேரத்தில் ஏகேடி என்ற நொதியைச் சவ்வுக்கு இழுக்கிறது. அதன் தொடர்ச்சியாகத்தான் தசை உயிரணு சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்கிறது. அந்த 3ஆம் பாஸ்பேட்டைத் திரும்பக் கழற்றுவது பி-டென் என்ற நொதி. 1997ல் அதைக் கண்டுபிடித்ததே புற்றுநோய்க் கட்டிகளில் காணாமற்போன மரபணுவாகத்தான். கழற்ற ஆளில்லாவிட்டால் ‘வளர், வளர்’ என்ற செய்தி ஓயாமல் ஒலிக்கிறது.

சரி, இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள்? கொழுப்பை நேரடியாக ஒளிரவைப்பது கடினம். பிப்-2ஐத் தேடிப்போய் ஒட்டும் ஒரு புரதத் துண்டை எடுத்து, அதனுடன் பச்சையாக ஒளிரும் ஜெல்லிமீன் புரதத்தை இணைத்து, உயிரணுவையே அதைத் தயாரிக்கவைப்பார்கள். இந்த முறை 1998ல் வந்தது. நுண்ணோக்கியில் உயிரணுவின் ஓரம் மட்டும் பச்சைக் கோடாக, அவ்வளவு துல்லியமாகத் தெரியும். தூண்டும் மருந்தை ஒரு சொட்டு விட்டால் சில நொடிகளில் கோடு மங்கி, உள்பகுதி முழுவதும் பச்சை பரவும். மருந்தைக் கழுவிவிட்டால் கோடு திரும்ப வரும். புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டியது இதைத்தான். உயிரணுவை ஒரு பையாகவும் மூலக்கூறுகளை அதில் மிதக்கும் புள்ளிகளாகவும் வரையும் படங்களை நான் விரும்புவதில்லை. நீ குறிப்பு எழுதும்போது சவ்வுகளை முதலில் வரை, அப்புறம் மூலக்கூறுகளை அவற்றின் மேல் வை. இந்தப் பாடத்தில் பாதிக் குழப்பம் போய்விடும்.

கேள்வி: சகோதரிக்கு வணக்கம். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கெட்ட கொழுப்பு அதிகம் என்றார்கள், சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் ‘செய்தி சொல்லும் கொழுப்பு’ இதுதானா? மாத்திரை சாப்பிட்டு அதைக் குறைத்தால் உடம்புக்குள் செய்திப் போக்குவரத்தும் குறைந்துவிடாதா? – ஓய்வுபெற்றவர், யீசூன்

வணக்கம் ஐயா. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அறிக்கையில் உள்ள எண்கள் ரத்தத்தில் பயணம் செய்யும் கொழுப்பைச் சொல்பவை. நான் எழுதியது உயிரணுவின் சவ்வுக்குள் மிகச் சிறிய அளவில் இருக்கும் வேறு கொழுப்புகளைப் பற்றி. அவற்றை உயிரணு தானே தயாரித்துக்கொள்கிறது, தானே உடைத்துக்கொள்கிறது. ரத்தப் பரிசோதனை அவற்றை அளப்பதில்லை.

ஆனால் கொலஸ்ட்ராலே ஒரு செய்திதான் என்பது உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். உயிரணுவில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி வெளிச்சவ்வில் இருக்கிறது. எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் மிகக் கொஞ்சம்தான். அப்படியிருந்தும் ‘கொலஸ்ட்ரால் போதுமா, போதாதா’ என்று உயிரணு அளந்து பார்ப்பது அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான். அந்தச் சவ்வின் கொழுப்பில் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், அங்கே காத்திருக்கும் ஒரு புரதம் கோல்கிக்குப் போய், வெட்டப்பட்டு, உட்கருவுக்குள் நுழைகிறது. அது போய்ச் சொல்வது இரண்டு: கொலஸ்ட்ராலைத் தயாரி, ரத்தத்திலிருந்தும் இழுத்துக்கொள். இந்தத் துறையில் நீண்டகாலம் உழைத்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் ரத்தக் கொழுப்பை இழுத்துக்கொள்ளும் ஏற்பியைக் கண்டறிந்ததற்கும் அது சார்ந்த ஆய்வுகளுக்கும் 1985ல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

உங்கள் ஸ்டேட்டின் மாத்திரை கல்லீரல் உயிரணுவில் அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. அங்கே அளவு இறங்குகிறது. உடனே கல்லீரல் தன் மேற்பரப்பில் ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பை உள்ளே இழுக்கிறது. அதாவது மாத்திரை வேலை செய்வதே உயிரணுவின் செய்திப் பாதை வழியாகத்தான். பாதை அடைபடவில்லை ஐயா, மருத்துவர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றீர்களே, அதிலும் ஒன்று சொல்ல வேண்டும். 2016ல் நம் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்த பிறகு, சமூக மன்ற உரைகளில் ‘தசையில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் வேலை செய்யாது’ என்று பலர் பேசக் கேட்டிருக்கிறேன். பெருமளவு உண்மைதான். ஆனால் தொலைதூர ஓட்டக்காரர்களின் தசையிலும் கொழுப்பு நிறையவே இருக்கும், அவர்களுக்கோ இன்சுலின் மிக நன்றாக வேலை செய்யும். மாணவிக்குச் சொன்ன டேக் நினைவிருக்கிறதா? அது தசை உயிரணுவின் கொழுப்புத் துளிக்குள் சேமிப்பாகக் கிடந்தால் தொல்லை குறைவு, வெளிச்சவ்வில் சேர்ந்தால்தான் புரத கைனேஸ்-சியைத் தூண்டி இன்சுலினின் செய்தியைத் தடுக்கிறது என்று ஒரு தரப்பு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கு அந்தத் தரப்பின் வாதம் வலுவாகவே படுகிறது. எவ்வளவு கொழுப்பு என்று மட்டும் கேட்டால் அந்த ஓட்டக்காரர்களை விளக்க முடியாது. எப்படியிருந்தாலும் நடை உங்களுக்கு நல்லது. காலையில் ஈரம் காய்வதற்குள் பூங்காப் பாதையில் ஒரு சுற்று நடந்துவிடுங்கள்.

கேள்வி: நான் தாதியாக வேலை செய்கிறேன். ஆஸ்பிரின் கொடுக்கிறோம், டெங்கி என்று சந்தேகம் வந்தால் நிறுத்துகிறோம். ஆஸ்பிரின் தடுப்பது கொழுப்பிலிருந்து வரும் செய்தி என்று படித்திருக்கிறேன். உயிரணுவில் எந்த இடத்தில் அது நடக்கிறது? – உட்லண்ட்ஸ்

இந்தச் செய்தி முன்கூட்டியே தயாராகி எங்கும் காத்திருப்பதில்லை. அதன் மூலப்பொருளான அராக்கிடோனிக் அமிலம் சவ்வுக் கொழுப்பின் நடு இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. உயிரணு அடிபட்டோ தூண்டப்பட்டோ கால்சியம் ஏறும்போது, பாஸ்போலிப்பேஸ்-ஏ2 என்ற நொதி திரவத்திலிருந்து நகர்ந்து எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், கோல்கி, உட்கருவைச் சுற்றிய சவ்வு ஆகியவற்றின் மேல் போய் ஒட்டுகிறது. ஒட்டி அந்த அமிலத்தை வெட்டி எடுக்கிறது. அதை வாங்கி, வலி, வீக்கச் செய்திகளான புரோஸ்டகிளாண்டின்களாக்கும் பாதையைத் தொடங்கிவைக்கும் காக்ஸ் நொதிகளும் அதே சவ்வுகளில்தான் பதிந்திருக்கின்றன. வெட்டுபவரும் வாங்குபவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் வலியும் வீக்கமும் அவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றன. ஆஸ்துமாவில் வரும் லியூக்கோட்ரையீன் என்ற செய்திக் கொழுப்புகளும் உட்கருச் சவ்வின் மேல்தான் பிறக்கின்றன.

ஆஸ்பிரின் போய் காக்ஸ் நொதியின் மேல் ஓர் அசிட்டைல் குழுவை நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. புரோஸ்டகிளாண்டின் தயாரிப்பை அது தடுப்பதை ஜான் வேன் 1971ல் காட்டினார். 1982ல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருடன் நோபெல் பரிசு. மற்ற உயிரணுக்கள் புதிய காக்ஸைத் தயாரித்துக்கொண்டு மீண்டுவிடும். ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுக்கு (பிளேட்லெட்) உட்கருவே இல்லை, புதிதாகத் தயாரிக்க வழியில்லை. அது வாழும் 7 முதல் 10 நாள் வரை அந்த அடி அப்படியே இருக்கும். இதய நோயாளிக்குத் தினம் ஒரு சிறிய மாத்திரை போதுமானதாக இருப்பது அதனால்தான். டெங்கியில் தட்டுகள் ஏற்கெனவே குறைகின்றன. மிஞ்சியிருப்பவற்றையும் வேலை செய்யவிடாமல் செய்தால் ரத்தக் கசிவு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் காய்ச்சல் என்றதும் கையில் கிடைத்த வலி மாத்திரையை விழுங்கும் பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.

கேள்வி: ‘மூளைக்கு உகந்த பாஸ்பாட்டிடைல்செரின்’ என்று ஒரு புட்டியை 70 வயதான என் அம்மாவுக்கு வாங்கச் சொல்கிறார்கள். அது உயிரணுச் சவ்வில் இருப்பதுதானே? சாப்பிட்டால் போய்ச் சேருமா? – இல்லத்தரசி, ஜூரோங்

சவ்வில் இருப்பது உண்மை. ஆனால் எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள். உயிரணு இந்தக் கொழுப்பைச் சவ்வின் உட்பக்க அடுக்கிலேயே வைத்துக்கொள்ளச் சக்தியைச் செலவழிக்கிறது. வெளிப்பக்கம் தப்பி வந்ததை உள்ளே திருப்பிப்போடுவதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. அது வெளியே தெரிந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது என்று அர்த்தம். ரத்தத் தட்டாக இருந்தால், ரத்தம் உறைய வேண்டிய நேரம் வந்துவிட்டது. உறைவிக்கும் புரதங்கள் அதன் மேல்தான் வந்து கூடும். மற்ற உயிரணுவாக இருந்தால், அது செத்துக்கொண்டிருக்கிறது, ‘என்னை விழுங்கிவிடு’ என்று பக்கத்தில் இருக்கும் விழுங்கணுக்களுக்குச் சொல்கிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிய மருந்து ஒன்று உயிரணுவைக் கொல்கிறதா என்று பார்க்க இதைத்தான் பயன்படுத்தினோம். அனெக்ஸின்-5 என்ற புரதம் கால்சியம் இருந்தால் பாஸ்பாட்டிடைல்செரினைப் பிடித்துக்கொள்ளும். பச்சைச் சாயம் கட்டிய அனெக்ஸினைச் சேர்த்துவிட்டால், நல்ல உயிரணு இருட்டாகவே இருக்கும், சாகத் தொடங்கியது ஓரத்தில் பச்சையாகத் தெரியும். அதே கொழுப்புதான், அளவும் கூடவில்லை. பக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

அப்படியிருக்க, வாயில் போட்ட மாத்திரை என்ன ஆகும்? குடலிலேயே கணைய நொதிகள் அதை வெட்டுகின்றன. உள்ளே போவது பெரும்பாலும் துண்டுகள்தான். மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2003ல் இந்தப் பொருளின் விளம்பரத்தில் மறதிநோயைக் குறிப்பிட அனுமதித்தபோதே, ஆதாரம் மிகக் குறைவு என்ற வாசகத்தையும் சேர்த்தே போட வேண்டும் என்றது. அம்மாவுக்கு மறதி கூடுகிறது என்றால், அந்தப் பணத்தைச் சேமித்து, பலதுறை மருந்தகத்தில் நினைவாற்றல் பரிசோதனைக்குக் கேளுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கேள்வி: உட்கருவுக்குள்ளும் இந்தக் கொழுப்புகள் உண்டா? – வாசகர், தெம்பனிஸ்

உண்டு. பிப்-2 உட்கருவுக்குள் சில புள்ளிகளில் கூடியிருக்கிறது. விந்தை என்னவென்றால், அந்த இடத்தில் சவ்வே கிடையாது. வால் தண்ணீருக்கு ஆகாத ஒரு மூலக்கூறு சவ்வில்லாமல் எப்படி நிற்கிறது? புரதங்களின் பள்ளங்களில் வாலைச் செருகிக்கொண்டு நிற்கலாம் என்று எண்ணுகிறார்கள். ஸ்டீராய்டு ஹார்மோன்களின் கதை வேறு. அவை சவ்வைக் கடந்து நேராக உள்ளே வந்து, தங்கள் ஏற்பியுடன் சேர்ந்து மரபணுக்களிலேயே வேலை செய்கின்றன.

கேள்வி: சிங்கப்பூரில் இந்தத் துறையில் ஏதாவது செய்கிறார்களா, அல்லது எல்லாம் வெளிநாட்டுக் கதைதானா? – பொங்கோல்

நன்றாகவே செய்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் வெங்க் தொடங்கிவைத்த ‘ஸ்லிங்’ என்ற ஆய்வுக்கூடம், ஒரு துளி ரத்தத்திலோ திசுவிலோ இருக்கும் நூற்றுக்கணக்கான கொழுப்பு வகைகளை, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறைமானியில் பிரித்து அளப்பதில் பேர்பெற்றது.

டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் டேவிட் சில்வரின் குழு 2014ல் ஒரு பழைய புதிரை அவிழ்த்தது. மீன் சாப்பிட்டால் மூளைக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மீனில் இருக்கும் டிஹெச்ஏ என்ற கொழுப்பு அமிலம் மூளையில் ஏராளமாக இருக்கிறது, ஆனால் மூளையால் அதைப் போதிய அளவு தயாரிக்க முடியாது. ரத்தத்திலிருந்து எப்படி உள்ளே போகிறது? மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் எம்எஃப்எஸ்டி-2ஏ என்ற புரதம்தான் ஏற்றிச்செல்கிறது என்று காட்டினார்கள். அந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு மூளை சிறுத்துப் போயிருந்தது. தேக்காவில் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆய்வில் முன்னின்ற நுயென் நாம் லோங் பின்னர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தன் குழுவை அமைத்து, 2017ல் அதன் உறவுப் புரதமான எம்எஃப்எஸ்டி-2பி என்ன செய்கிறது என்று கண்டார். ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்று ஒரு செய்திக் கொழுப்பு இருக்கிறது. ரத்தத்தில் அதிகம், திசுக்களுக்குள் மிகக் குறைவு. நிணநீர்க் கணுவில் இருக்கும் வெள்ளை அணுக்கள், அது அதிகமாக இருக்கும் பக்கம் பார்த்துத்தான் வெளியே வருகின்றன. சிவப்பணுவும் ரத்தத் தட்டும் அதை எந்த வழியாக ரத்தத்தில் விடுகின்றன என்பதற்குப் பதில் இந்தப் புரதம். அந்த வேறுபாட்டை வெள்ளை அணு உணராமல் செய்யும் பிங்கோலிமோட் என்ற மருந்து 2010 முதல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குத் தரப்படுகிறது. அணுக்கள் கணுக்களிலேயே தங்கிவிடும், நரம்பைத் தாக்கப் போகாது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவக் கல்லூரியில் யசுனோரி சாஹெகியின் குழு ஆராய்வது, வெளிச்சவ்வும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலமும் சில பத்து நானோமீட்டர் நெருக்கத்தில் ஒட்டிவரும் இடங்களை. அங்கே சில புரதங்கள் கொலஸ்ட்ராலை ஒரு சவ்விலிருந்து மற்றதற்கு நேராக மாற்றிவிடுகின்றன. யீசூன் ஐயாவுக்குச் சொன்ன அந்த 5 விழுக்காட்டுக் கணக்குக்கு வெளிச்சவ்வின் நிலவரம் தெரிவது இப்படித்தான். வரும் ஆண்டுகளில் இந்தத் துறையில் மிக முக்கியமானவை இந்தத் தொடுமிடங்கள்தான் என்பது என் கணிப்பு.

கேள்வி: அக்கா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுச் செயல்திட்டம் செய்கிறேன். பிப்-2க்கு எதிர்ப்பொருள் போட்டுச் சாயமேற்றினேன். சவ்வில் ஒன்றும் தெரியவில்லை, உள்ளே மட்டும் புள்ளி புள்ளியாக வருகிறது. எதிர்ப்பொருள் கெட்டுவிட்டதா? – மாணவர், கிளமெண்டி

எதிர்ப்பொருள், அதாவது குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் அந்தப் புரதம், பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், தம்பி. சவ்வுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். ஃபார்மால்டிஹைடு புரதத்தைக் கட்டிப்போடும், பிப்-2 போன்ற கொழுப்பைக் கட்டாது. அதன் பிறகு வழக்கம்போல டிரைட்டான் என்ற சோப்பு வகையை விட்டிருப்பீர்கள். அது சவ்வையே கரைத்துக் கழுவிவிடும். நீங்கள் தேடும் பொருள் வடிகாலில் போயிருக்கும்.

நிலைப்படுத்தும்போது 4 விழுக்காடு ஃபார்மால்டிஹைடுடன் 0.2 விழுக்காடு குளூட்டரால்டிஹைடும் சேருங்கள். அது தானாக ஒளிரும், ஆகவே அம்மோனியம் குளோரைடு போட்டு அடக்குங்கள். அதற்கு அப்புறம் எல்லாப் படியும் பனிக்கட்டி மேல்தான், எதிர்ப்பொருளும் கழுவும் கரைசலும்கூட. குளிர்ந்திருந்தால்தான் கொழுப்பு நகராமல் நிற்கும். டிரைட்டானுக்குப் பதில் 0.5 விழுக்காடு சாப்போனின் பயன்படுத்துங்கள். கோல்கியில் உள்ள 4ஆம் இட வகையைப் பார்ப்பதானால் டிஜிட்டோனின்.

இதோடு, மாணவிக்குச் சொன்ன பச்சைப் புரத முறையில் உயிருள்ள உயிரணுக்களையும் ஒரு தடவை பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் புரதத் துண்டு ஐபி-3ஐயும் பிடிக்கும், பிப்-2ஐவிட இறுக்கமாகவே பிடிக்கும். கோடு மங்கினால் பிப்-2 குறைந்ததா, ஐபி-3 கூடியதா என்று சொல்ல முடியாது. ஐபி-3ஐப் பிடிக்காத டப்பி என்ற புரதத் துண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிப்-2ஐப் பிடிக்க முடியாதபடி மாற்றிய துண்டு ஒன்றும் கட்டுப்பாட்டுக்கு வேண்டும். அது ஓரத்தில் ஒட்டாமல் உள்ளே பரவியிருந்தால்தான் உங்கள் மற்றப் படங்களை நம்பலாம். முடிவு வந்ததும் படங்களை அனுப்புங்கள், அளவுகோல் கோட்டுடன்.